வாட்டர் ஹீட்டர் தானாக நின்றுவிட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி மழை தொடங்கினால் தை முடியும்வரை ஹீட்டர் புகார்தான். வெயில் காலம் முழுக்கச் சும்மா தொங்கிக்கொண்டிருந்ததை ஒரு நாள் விடிகாலையில் போடுவோம். சூடே ஆகாது, இல்லையென்றால் ஒரு தடவை கொதிக்கக் கொதிக்கச் சூடாகிவிட்டு அதோடு நின்றுவிடும். பல வீடுகளில் ஹீட்டர் செத்துப்போயிருக்காது; உள்ளே இருக்கும் பாதுகாப்பு ஏற்பாடு கரண்டைத் துண்டித்துவிட்டு உட்கார்ந்திருக்கும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எதுவரை நாமே பார்க்கலாம், எங்கே கையை எடுத்துவிட வேண்டும் என்பதற்கான பதில்கள் இவை. சுவரில் மாட்டும் 10, 15, 25 லிட்டர் மின்சார ஹீட்டரைப் பற்றித்தான் அதிகம். இன்ஸ்டன்ட், கேஸ், சோலார் எல்லாம் கடைசியில்.

சுவிட்ச் போட்டா லைட் எரியுது, ஆனா தண்ணி பச்சைத் தண்ணியாவே வருது. என்ன ஆச்சு?

ஹீட்டருக்குள் சூட்டைக் கவனிக்கிற ஆள் இரண்டு பேர். ஒன்று தெர்மோஸ்டாட். நீங்கள் வைத்த சூட்டுக்குத் தண்ணீர் வந்ததும் கரண்டை நிறுத்தும், ஆறினால் திரும்பக் கொடுக்கும். இது அதன் அன்றாட வேலை. இன்னொன்று தெர்மல் கட்-அவுட். தெர்மோஸ்டாட் சொதப்பி, தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடாகும்போது மட்டும் அது விழிக்கும். மாடலுக்கு மாடல் மாறினாலும் ஏறக்குறைய 90 டிகிரிக்கு அக்கம்பக்கத்தில் துண்டிக்கும்படி வைத்திருப்பார்கள்.

கட்-அவுட்டுக்குள் இருப்பது இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு சின்னத் தகடு. சூட்டில் ஒரு உலோகம் அதிகமாக விரியும், மற்றது குறைவாக விரியும். ஒரு கட்டத்தில் தகடு சட்டென்று மறுபக்கம் வளைந்து இணைப்பைப் பிரித்துவிடும். தெர்மோஸ்டாட் போல ஆறியதும் தானே சேர்ந்துகொள்ளாது. ஒருவர் வந்து பட்டனை அமுக்கினால்தான் சேரும். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். தானே சேர்ந்துகொண்டால், தெர்மோஸ்டாட் போய்விட்டது என்பது வீட்டில் யாருக்கும் தெரியாமலே தினமும் தண்ணீர் 90 டிகிரிக்குப் போய்ப் போய் வந்துகொண்டிருக்கும்.

பவர் லைட் எரிகிறது, ஹீட்டிங் லைட் எரியவில்லை, தண்ணீரும் குளிர்ந்திருக்கிறது என்றால் கட்-அவுட் விழுந்திருக்கவே வாய்ப்பு அதிகம். முந்தின நாள் தண்ணீர் வழக்கத்தைவிடக் கொதித்ததா என்று வீட்டில் கேட்டுப்பாருங்கள். "ஆமா, நேத்து கையை வைக்க முடியல" என்று யாராவது சொன்னால் கேஸ் பாதி முடிந்தது.

வீட்டுல எதைக் கேட்டாலும் "ட்ரிப் ஆயிடுச்சு"ன்னுதான் சொல்றாங்க. எது ட்ரிப் ஆச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

இந்த ஒரு கேள்விக்குச் சரியான விடை கிடைத்தால் மெக்கானிக் செலவு பாதி குறையும். மூன்று வெவ்வேறு பாதுகாப்பு இருக்கிறது. மூன்றும் வெவ்வேறு ஆபத்துக்காக விழுகின்றன.

டி.பி. பாக்ஸில் (வீட்டு சுவிட்சுகளுக்கெல்லாம் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ஹீட்டருக்கான எம்.சி.பி. (கரண்ட் அதிகமானால் தானே விழும் சுவிட்ச்) மட்டும் கீழே விழுந்திருந்தால், வயரில் தாங்கும் அளவுக்கு மேல் கரண்ட் ஓடியிருக்கிறது: ஷார்ட் அல்லது ஓவர்லோடு. அதே பாக்ஸில் 'டெஸ்ட்' பட்டன் வைத்த அகலமான ஆர்.சி.சி.பி. விழுந்து, பாதி வீடோ முழு வீடோ இருட்டானால், கரண்ட் எங்கேயோ கசிகிறது. பாக்ஸில் எல்லாம் மேலேயே இருந்து, ஹீட்டர் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், விஷயம் ஹீட்டருக்குள், அதாவது கட்-அவுட், தெர்மோஸ்டாட், தண்ணீரைச் சூடாக்கும் காயில் இந்த மூன்றில் ஒன்று.

மெக்கானிக்கைக் கூப்பிடும்போது இந்த மூன்றில் எது என்று சொல்லிவிடுங்கள். அவர் சரியான சாமானோடு வருவார்.

ரீசெட் பட்டன் எங்க இருக்கும்? நாமே அமுக்கலாமா?

அமுக்கலாம், ஆனால் கவனமாக. முதலில் பாத்ரூமுக்கு வெளியே இருக்கும் ஹீட்டர் சுவிட்சை அணையுங்கள். அதோடு விடாதீர்கள். சாதாரண சுவிட்ச் ஒரு வயரை மட்டும்தான் துண்டிக்கும்; வயரிங் தலைகீழாக இருந்தால் சுவிட்ச் அணைந்திருந்தும் உள்ளே கரண்ட் இருக்கும். எனவே எம்.சி.பி.யையும் கீழே தள்ளுங்கள், பிளக் இருந்தால் பிடுங்கிவிடுங்கள். ஈரக் கை, ஈரத் தரை இரண்டும் கூடாது. ஸ்டூலில் ஏறுகிறவருக்குக் கீழே ஒருவர் பிடித்துக்கொள்வது நல்லது.

அடுத்து, ஆற விடுங்கள். சூடாக இருக்கும்போது பட்டன் உட்காராது. டேங்கில் தண்ணீர் இருந்தால் வெந்நீர்க் குழாயைத் திறந்து, பச்சைத் தண்ணீர் வரும்வரை ஓடவிட்டாலே போதும். முதலில் வருகிற தண்ணீர் மிகக் கொதிப்பாக இருக்கும், பக்கத்தில் குழந்தைகள் வேண்டாம். தண்ணீரே இல்லாமல் ஹீட்டர் ஓடியிருந்தால் மட்டும் இப்படிச் செய்யக் கூடாது. காய்ந்து சிவந்த காயிலின் மேல் குளிர்ந்த தண்ணீர் விழுந்தால் காயிலும் விரிசல் விடும், டேங்கின் உள்பூச்சும் வெடிப்பு விடும். ஓரிரண்டு மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள்.

செங்குத்தாகத் தொங்கும் ஹீட்டர்களில் வயர் நுழைகிற அடிப்பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். இரண்டு மூன்று ஸ்க்ரூ. கழற்றினால் காயிலின் முனைகளும், பக்கத்தில் தெர்மோஸ்டாட்டும் தெரியும். அதிலோ அதை ஒட்டியோ மிளகு அளவுக்கு ஒரு பட்டன் இருக்கும். பெரும்பாலும் சிவப்பு, சிலவற்றில் கறுப்பு அல்லது வெள்ளை. டெஸ்டரால் எங்கேயும் கரண்ட் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, பேனா முனையாலோ பிளாஸ்டிக் குச்சியாலோ அழுத்துங்கள். 'டிக்' என்று தெளிவாகக் கேட்கும், விரலுக்கும் தெரியும். சில கம்பெனிகள் இந்தப் பட்டனுக்கு நேராக மூடியிலேயே ஒரு ஓட்டை விட்டிருப்பார்கள், கழற்றவே வேண்டாம்.

வயர் நுனிகளையும் அப்போதே ஒரு பார்வை பாருங்கள். ஏதாவது ஒன்று கறுத்தோ பிளாஸ்டிக் உருகியோ இருந்தால் மூடியை மாட்டிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், கரண்ட் கொடுக்க வேண்டாம். எல்லாம் சுத்தமாக இருந்தால் மூடியை மாட்டி, வெந்நீர்க் குழாயில் தண்ணீர் தடையில்லாமல் வருகிறதா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் சுவிட்ச்.

வாரண்டி இருக்கும் ஹீட்டர் என்றால் மூடியில் ஸ்டிக்கர் சீல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் தொடாமல் சர்வீஸுக்கு போன் போடுவதே லாபம்.

அமுக்கியும் 'டிக்' சத்தம் வரல.

மூன்று காரணம் இருக்கலாம். இன்னும் சூடு ஆறவில்லை. அல்லது கட்-அவுட் விழவே இல்லை, பிரச்சினை வேறு இடத்தில். அல்லது கட்-அவுட்டே பழுது. மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள், பிளக்கைப் பிடுங்கிய நிலையில் கட்-அவுட்டின் இரு முனைகளில் வைத்துப் பார்க்கலாம். 'பீப்' வந்தால் இணைப்பு சேர்ந்திருக்கிறது, வராவிட்டால் பிரிந்திருக்கிறது.

கையோடு காயிலையும் சோதித்துவிடுங்கள், அதன் வயரைக் கழற்றிவிட்டு. 2000 வாட்ஸ் காயில் நல்ல நிலையில் இருந்தால் சுமார் 26 ஓம் காட்டும், 3000 வாட்ஸ் என்றால் 17 அல்லது 18. ஒன்றுமே காட்டவில்லை என்றால் காயில் அறுந்துவிட்டது, பட்டனை எத்தனை தடவை அமுக்கினாலும் பயனில்லை.

அமுக்கினேன், ஓடுச்சு. ரெண்டு நாள்ல மறுபடி நின்னுடுச்சு. திரும்ப அமுக்கலாமா?

வேண்டாம். ஒரு தடவை ரீசெட் செய்வது சோதனை. இரண்டாவது தடவையும் விழுந்தால் விடை கிடைத்துவிட்டது: உள்ளே ஏதோ ஒன்று தண்ணீரை அளவுக்கு மீறிச் சூடாக்குகிறது, அல்லது கட்-அவுட் இருக்கும் இடமே சூடாகிறது.

அதிகம் பார்ப்பது தெர்மோஸ்டாட் கோளாறு. அதன் உள்ளே இருக்கும் பாயிண்ட் சேர்ந்து பிரியும் ஒவ்வொரு முறையும் ஒரு சின்னப் பொறி பறக்கும். வருஷக் கணக்கில் பொறி பறந்து, ஒரு நாள் இரண்டு பாயிண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு அது பிரியவே பிரியாது. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் குமிழை எந்த எண்ணில் வைத்தாலும் ஹீட்டர் நிற்காமல் கொதிக்கும், கட்-அவுட் வந்து நிறுத்தும்வரை. வீட்டிலேயே சந்தேகம் தீர்க்க ஒரு வழி: குமிழை மிகக் குறைவில் வைத்து, ஹீட்டரைப் போட்டு, பக்கத்திலேயே நில்லுங்கள். 15 லிட்டர், 2000 வாட்ஸ் ஹீட்டர் பச்சைத் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 18 நிமிடம்தான் ஆகும். குறைவில் வைத்தும் கால் மணி தாண்டி ஹீட்டிங் லைட் அணையவே இல்லையென்றால் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டது. அணைத்துவிடுங்கள். தெர்மோஸ்டாட் விலை அதிகமில்லாத சாமான். பல மாடல்களில் கட்-அவுட்டும் அதோடு சேர்ந்தே வரும், இரண்டையும் ஒன்றாக மாற்றிவிடலாம்.

இரண்டாவது, சென்சார் இடம் மாறியிருப்பது. முன்பு சர்வீஸ் செய்தவர் தெர்மோஸ்டாட்டின் குச்சியையோ, மெல்லிய செம்புக் குழாயின் நுனியில் இருக்கும் குமிழையோ அதற்குரிய பொந்தில் முழுக்கச் செருகாமல் விட்டிருப்பார். அது காற்றைத்தான் அளந்துகொண்டிருக்கும், தண்ணீரை அல்ல. 'சர்வீஸ் பண்ணதுல இருந்துதான் இப்படி' என்று சொல்லும் வீடுகளில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, லூஸ் கனெக்‌ஷன். வயர் நுனி காயில் முனையில் இறுக்கமாக இல்லாவிட்டால் அந்த இடமே அடுப்பாகச் சூடாகும். பக்கத்தில் இருக்கும் கட்-அவுட் அந்தச் சூட்டில் விழும். தண்ணீர் அப்போது அவ்வளவு சூடாக இருக்காது என்பதுதான் அடையாளம்.

நான்காவது உப்பு, ஐந்தாவது காலி டேங்க். இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாடி டேங்க்ல தண்ணி தீர்ந்தா ஹீட்டரும் காலி ஆயிடுமா?

சரியாக மாட்டியிருந்தால் ஆகாது. ஹீட்டரில் குளிர்ந்த தண்ணீர் அடியில் நுழைகிறது. வெந்நீர் உச்சியிலிருந்து வெளியேறுகிறது. உள்ளே தண்ணீர் தள்ளினால்தான் மேலே இருப்பது வெளியே வரும். ஆகவே மாடி டேங்க் தீர்ந்தாலும் ஹீட்டர் நிறைந்தேதான் இருக்க வேண்டும்.

காலியாவது பின்பக்கமாக. தண்ணீர் நுழையும் குழாயில் பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் வால்வு இல்லாவிட்டாலோ, இருந்தும் உப்புப் பிடித்து மூடாமல் போனாலோ, கீழ் வீட்டில் குழாயைத் திறந்ததும் மேல் வீட்டு ஹீட்டரின் தண்ணீர் வந்த வழியே இறங்கிவிடும். மேலே வெந்நீர்க் குழாய் திறந்திருந்தால் காற்று புக வழி கிடைத்து இன்னும் வேகமாக இறங்கும். மாடி டேங்க் திரும்ப நிரம்புவதற்குள் யாராவது சுவிட்சைப் போட்டால், காயில் காற்றில் காய்கிறது. சில நிமிடங்களில் கட்-அவுட் விழும். விழாவிட்டால் காயில் போகும்.

டேங்க் கழுவிய நாள், மோட்டார் ரிப்பேரான நாள், ஊருக்குப் போய்விட்டு வந்த நாள், இந்த மூன்று நாளிலும் ஒரே பழக்கம்தான்: வெந்நீர்க் குழாயைத் திறந்து, 'புஸ் புஸ்' என்ற காற்றுச் சத்தம் நின்று தண்ணீர் சீராக வந்த பிறகே சுவிட்ச்.

எலக்ட்ரீஷியன் வந்தார், "கட்-அவுட் போச்சு சார், டைரக்ட் குடுத்துட்டேன், இனிமே நிக்காது"ன்னு சொல்லிட்டுப் போனார். சூப்பரா ஓடுது. பரவாயில்லையா?

இன்றே அணைத்துவிடுங்கள்.

'டைரக்ட்' என்றால், கட்-அவுட்டின் இரண்டு வயரையும் முறுக்கி ஒன்றாகச் சேர்த்து, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டார் என்று அர்த்தம். ஹீட்டர் நிற்காது என்று அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொள்ளும் நாளிலும் நிற்காது. மூடிய டேங்குக்குள் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் நீராகவே இருக்கும். அதற்குப் பிறகு மிச்சமிருக்கும் ஒரே காவல், அழுத்தம் மீறினால் தண்ணீரை வெளியே விடும் பிரஷர் ரிலீஸ் வால்வு. உப்புத் தண்ணீர் ஊரில் அந்த வால்வு அடைத்துப்போயிருந்தால் அதுவும் கிடையாது. டேங்க் பிளக்கும் கணத்தில், அத்தனை நேரம் அழுத்தத்தால் அடங்கியிருந்த தண்ணீரில் ஒரு பங்கு நொடியில் ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 லிட்டர் இடம் வேண்டும். பாத்ரூம் சுவர் பெயர்ந்து விழுந்த ஹீட்டர் விபத்துகளுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

பழைய ஹீட்டர்களில் கட்-அவுட் கிடைக்கவில்லை என்று சொன்னால், அந்த வாட்ஸுக்கும் அந்த ஆம்பியருக்கும் பொருந்துகிற மாற்றுச் சாமான் எலக்ட்ரிகல் கடைகளில் கிடைக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். எங்கேயுமே கிடைக்கவில்லை என்றால் ஹீட்டரை மாற்றும் நேரம் வந்துவிட்டது. நடுவில் 'கொஞ்ச நாள் டைரக்டில் ஓடட்டும்' என்று ஒரு வழி கிடையாது.

வாடகை வீட்டில் குடியேறும்போது ஒரு தடவை மூடியைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. முந்தின குடித்தனக்காரர் காலத்தில் யார் என்ன முறுக்கிவிட்டுப் போனார்களோ.

எங்க ஊர் போர் தண்ணி, ஒரே உப்பு. அதுக்கும் ஹீட்டர் நிக்கிறதுக்கும் சம்பந்தம் இருக்கா?

நிறையவே. நாம் உப்பு என்று சொல்வது பெரும்பாலும் கால்சியம், மெக்னீசியம் சேர்ந்த கடினத்தன்மை. தண்ணீர் சூடாகும்போது அது கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து, எங்கே சூடு அதிகமோ அங்கேயே படியும். சூடு அதிகமுள்ள இடம் காயில். வெள்ளையும் பழுப்புமாக ஓடு கட்டி, விரல் மொத்தக் காயில் கை மொத்தம் ஆகிவிடும். ஓடு வழியே சூடு தண்ணீருக்குச் சரியாகப் போகாது. காயில் உள்ளுக்குள் அளவுக்கு மீறிச் சூடாகும். சென்சார் இருக்கும் பொந்தின் மேலும் அதே ஓடு படிந்தால் தெர்மோஸ்டாட்டுக்குச் செய்தி தாமதமாகத்தான் போகும். தண்ணீர் ஏற்கெனவே கொதிக்கத் தொடங்கியிருக்கும்.

அடையாளம்: ஹீட்டர் போட்டதும் உள்ளே 'கடகட'வென்று கல் உருள்வது போன்ற சத்தம், சூடாக முன்பைவிட அதிக நேரம், ஷவர் ஓட்டைகளில் வெள்ளைத் துணுக்கு.

போர் தண்ணீர் வீடுகளில் வருஷத்துக்கு ஒரு தடவை காயிலை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து, கேஸ்கெட்டை (தண்ணீர் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) புதிதாகப் போட்டு, உள்ளே இருக்கும் ஆனோடு குச்சியையும் பார்க்க வேண்டும். ஆனோடு என்பது டேங்கின் இரும்புக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்காக வைத்த மெக்னீசியக் குச்சி; பென்சில் போல மெலிந்திருந்தால் மாற்றுங்கள். காயில் உப்பை எடுக்க சிட்ரிக் ஆசிட் கரைசல் போதும். பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை ஊற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். காயில் பளபளவென்று ஆகும், அடுத்த சில மாதங்களில் உறை அரித்து ஷாக் அடிக்கும்.

சூட்டைக் குறைத்து வைத்தாலே படிவு குறையும். நம் ஊர்க் குளிருக்கு 50, 55 டிகிரி தாராளம். 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும், அதையும் பச்சைத் தண்ணீர் கலந்துதானே குளிக்கிறோம்.

ஹீட்டர் போட்டு அஞ்சு பத்து நிமிஷத்துல ஆர்.சி.சி.பி. விழுது. உடனே விழல.

காயில் உறையில் மயிரிழை விரிசல். காயில் குளிர்ந்திருக்கும்போது கசிவு குறைவு. சூடாகி விரியும்போது ஈரம் உள்ளே போய்க் கசிவு கூடும். வீடுகளில் போடும் ஆர்.சி.சி.பி. 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே விழும். உறுதிசெய்ய, ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யைப் போடுங்கள். விழாமல் மேலேயே நின்றால் குற்றவாளி ஹீட்டர்தான். காயிலை மாற்ற வேண்டும், வேறு வைத்தியம் இல்லை. "ஆர்.சி.சி.பி. ரொம்ப சென்சிட்டிவ் சார், எடுத்துடலாம்" என்று சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

குளிக்கும்போது தண்ணீரிலோ குழாயிலோ 'சுர்' என்று இழுத்தால் குழாயை மூடக்கூட முயல வேண்டாம். அப்படியே விலகி வெளியே வந்து மெயினை அணையுங்கள். ஈரத்தோடு நிற்கும் உடம்புக்கு சின்ன ஷாக் என்று ஒன்று கிடையாது. எர்த் சரியில்லை, காயிலும் கசிகிறது என்று அர்த்தம். இரண்டையும் சரிசெய்யாமல் அந்தப் பாத்ரூமில் ஹீட்டர் போடக் கூடாது.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம். சாக்கெட்டை நேரே பார்த்தால் எர்த் மேலே, ஃபேஸ் வலப்பக்கம், நியூட்ரல் இடப்பக்கம் இருக்க வேண்டும். வலதும் இடதும் மாறியிருந்தால், ஒரு வயரை மட்டும் துண்டிக்கும் கட்-அவுட் நியூட்ரலைத் துண்டித்துவிட்டுச் சும்மா இருக்கும். காயிலில் ஃபேஸ் நின்றுகொண்டே இருக்கும். காயில் வேறு கசிந்தால், கட்-அவுட் விழுந்த பிறகும் எர்த் வழியே கரண்ட் ஓடித் தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். ஐந்து நிமிட வேலை, ஒரு டெஸ்டர் போதும். எலக்ட்ரீஷியன் வீட்டுக்கு எதற்கு வந்தாலும் இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எம்.சி.பி. மட்டும் விழுது. பிளக்கும் கொஞ்சம் கருகியிருக்கு.

2000 வாட்ஸ் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், 3000 வாட்ஸ் 13 ஆம்பியர். சின்ன சாக்கெட் தாங்காது. 16 ஆம்பியர் பெரிய சாக்கெட்டும் அதற்கேற்ற தடித்த வயரும் வேண்டும். கருகிய பிளக்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் திரும்பச் செருகாதீர்கள், சாக்கெட்டையும் சேர்த்து மாற்றுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்து ஹீட்டர் ஓட்டுவது பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஹீட்டர் ஓடும்போது பக்கத்து வால்வுல இருந்து சொட்டு சொட்டா தண்ணி வருது. அடைச்சிடலாமா?

அடைக்கவே கூடாது. தண்ணீர் சூடானால் விரியும். 15 லிட்டர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 200 மில்லி, ஒரு டம்ளர் அளவு, கூடுதலாகும். பின்னோக்கிப் போக வால்வு விடாது, குழாய்களும் மூடியிருக்கின்றன என்றால் அது போக வேண்டிய இடம் ரிலீஸ் வால்வுதான். சூடாகும்போது மட்டும் சொட்டி, பிறகு நின்றால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. இரவு பகலாக ஒழுகினால் வால்வு பழுது, அல்லது பிரஷர் பம்ப் அழுத்தம் அதிகம். ஒவ்வொரு 10 மீட்டர் உயரமும் ஒரு பார் அழுத்தம் என்பதால், உயரமான அடுக்குமாடியில் கீழ்த்தளத்து ஹீட்டருக்குத்தான் சுமை அதிகம். 8 பார் தாங்கும் ஹீட்டர் வாங்கச் சொல்வது அதனால்தான்.

நிக்கல, ஆனா சூடாக ரொம்ப நேரம் ஆகுது.

வோல்டேஜைப் பாருங்கள். 230க்குப் பதில் 180 வந்தால் 2000 வாட்ஸ் காயில் 1200 வாட்ஸ் சொச்சம்தான் கொடுக்கும். 18 நிமிட வேலை அரை மணியாகும். காலை ஆறு மணிக்கு ஊரே ஹீட்டர் போடும் நேரத்தில் இது சகஜம். வோல்டேஜ் சரியாக இருந்தும் தாமதம் என்றால் உப்பு.

டிஸ்பிளேல ஏதோ எழுத்தும் நம்பரும் மின்னுது.

அந்தக் குறியீடு கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒரு கம்பெனிக்காரர் சென்சார் பழுதுக்குப் போட்டது இன்னொருவருக்குக் காலி டேங்காக இருக்கும். கையேட்டைப் பாருங்கள், தொலைந்திருந்தால் மாடல் எண்ணோடு கம்பெனி தளத்தில் கிடைக்கும். பிளக்கைப் பிடுங்கிச் சில நிமிடம் விட்டு ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம். அதே குறியீடு திரும்ப வந்தால் முன்பு சொன்னதே பொருந்தும், விடாமல் அணைத்து அணைத்துப் போடாதீர்கள்.

3 லிட்டர் இன்ஸ்டன்ட் ஹீட்டருக்கும் இதெல்லாம் உண்டா?

உண்டு, இன்னும் வேகமாக. 3000 வாட்ஸ், 3 லிட்டர்: இரண்டு நிமிடத்துக்குள் தண்ணீர் 25 டிகிரி ஏறிவிடும். தண்ணீர் வரத்து குறைந்தால் உடனே சூடு எகிறும். சில மாடல்களில் ரீசெட் பட்டனுக்குப் பதில் ஒரே தடவை எரிந்துபோகிற தெர்மல் ஃபியூஸ் இருக்கும். அதை அமுக்க முடியாது, அதே வெப்ப அளவுள்ள புதியதுதான் போட வேண்டும்.

கேஸ் கீசர் 'டிக் டிக் டிக்'னு பொறி விடுது, பத்தி உடனே அணைஞ்சிடுது. அப்புறம் சத்தமே இல்ல.

இது வேறு வகைப் பூட்டு. கேஸ் கீசரில் தண்ணீர் ஓடுகிற அழுத்தத்தில் டயஃப்ரம் என்கிற ரப்பர்த் தகடு நகர்ந்து சுவிட்சைத் தட்டும். பேட்டரியால் பொறி பறக்கும். கேஸ் வால்வு திறக்கும். பர்னர் பக்கத்தில் நிற்கும் ஒரு கம்பி, தீ எரிகிறதா என்று பார்க்கும். தீ வழியே மிக மெல்லிய கரண்ட் பாயும், அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. சில நொடிகளில் தீ தெரியவில்லை என்றால், எரியாத கேஸ் பாத்ரூமில் நிரம்பாமல் இருக்க வால்வை மூடிவிடும். குழாயை மூடித் திறந்தால் மறுபடி முயலும்.

பார்க்க வேண்டிய வரிசை: பேட்டரி (பெரிய 1.5 வோல்ட் செல் இரண்டு, முக்கால்வாசி புகார் புது செல்லிலேயே முடியும்), சிலிண்டர் தீர்ந்துவிட்டதா, தண்ணீர் நுழையும் இடத்து வலை வடிகட்டி, மாடி டேங்க் உயரம் போதுமா. பற்றி உடனே அணைந்தால் அந்த உணர்கம்பியில் கரி அல்லது துரு. கேஸை மூடி, ஆறியபின் மெல்லிய உப்புத்தாளால் துடைத்தால் சரியாகும். இதைத் தவிர பர்னர், வால்வு எதையும் வீட்டில் கழற்றாதீர்கள்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் விடியற்காலையில் மட்டும் அணைகிறது என்றால் சிலிண்டர் குளிர்ந்திருக்கிறது. சிலிண்டரில் இருக்கும் பியூட்டேன் குளிரில் எளிதில் ஆவியாகாது. கீசர் அடுப்பைவிடப் பல மடங்கு கேஸ் இழுப்பதால் சிலிண்டர் மேலும் குளிரும். பாதி தீர்ந்த சிலிண்டரில் இது கூடுதல். சிலிண்டரைச் சூடுபடுத்திப் பார்க்கும் யோசனை மட்டும் வேண்டாம். நிறைந்த சிலிண்டர் மாற்றிப் பாருங்கள்.

பல மாடல்கள் 20 நிமிடம் தொடர்ந்து ஓடினால் தானாக நிற்கும். அது பழுதல்ல. காரணம் கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. மூடிய பாத்ரூமில் கேஸ் எரிந்தால் ஆக்சிஜன் குறையும், தீ முழுதாக எரியாமல் இந்த வாயு உண்டாகும். தலைவலி, கிறுகிறுப்பு, கால் துவள்தல், அதற்குள் தாழ்ப்பாளை எட்ட முடியாமல் போய்விடும். குளிக்கப் போனவர் வெளியே வரவில்லை என்று நாளிதழ்களில் படிக்கும் செய்திகளில் பல இதுதான். கேஸ் கீசரின் இடம் பாத்ரூமுக்கு வெளியே, காற்றோட்டமான சுவரில். உள்ளே குழாய் மட்டும் வரட்டும். ஏற்கெனவே உள்ளே மாட்டியிருந்தால், ஜன்னலைத் திறந்து வைப்பது போதாது, இடம் மாற்றுங்கள். தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால், கரி படிந்தால், சர்வீஸ் முடியும்வரை பயன்படுத்தாதீர்கள்.

கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சிலிண்டர் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல் திறந்து, வெளியே வந்து 1906க்குக் கூப்பிடுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும்.

சோலார் ஹீட்டர்ல கூட கட்-அவுட் விழுமா?

சூரியனை நிறுத்த எதுவும் கிடையாது. ஆனால் மழை நாளுக்காக டேங்கில் வைத்திருக்கும் மின்சாரக் காயிலுக்கு மேலே சொன்ன எல்லாமே பொருந்தும். மொட்டைமாடியில் வெயிலில் காய்ந்து அதன் வயர் உறை உதிர்ந்துபோகும், அதைத்தான் முதலில் பாருங்கள்.

எப்போ ரிப்பேர், எப்போ புதுசு?

தெர்மோஸ்டாட், கட்-அவுட், காயில், கேஸ்கெட், வால்வு இவற்றில் எது போனாலும் மாற்றி ஓட்டலாம். உள் டேங்க் ஓட்டை விழுந்து, வெளி உடம்பின் அடியிலிருந்து துருத் தண்ணீர் ஒழுகினால் பற்றவைக்கச் சொல்லாதீர்கள், எடைக்குப் போடுங்கள். புதிதாக வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 2082 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள் (இன்ஸ்டன்டுக்கு எண் வேறு). பெட்டியோடு வரும் ரிலீஸ் வால்வை மாட்டாமல் ஓரம் வைத்துவிட்டுப் போகும் பிளம்பர்கள் உண்டு. மாட்டி முடிந்ததும் அந்த வால்வு எங்கே என்று கேளுங்கள், காட்டிய பிறகு கூலியைக் கொடுங்கள்.